சர்வருக்கு வாளி வரிசை

தாராவியில் எனக்குத் தெரிந்த தோல்பைப் பட்டறையின் டெம்போ, வெகுநேரம் காத்து நின்று, சற்றுமுன்தான் கிளம்பியது. டிரைவரே போனில் உறுதி செய்தார்.

என் பையின் வார் தைக்கப் போன நான், தாமதத்தின் காரணத்தையும் விசாரித்தேன். பில் போடும் மென்பொருளை நேற்று சர்வருக்கு மாற்றியிருக்கிறார்கள். மூன்று இடங்களிலிருந்து திறக்கலாம். ஆனால் எல்லோருக்கும் ஒரே ஐடி. ஒருவர் நுழைந்தால் உள்ளே இருப்பவர் வெளியே.

கணக்கு பார்க்கும் ஸ்டெல்லா பாதி பில்லில் இருக்கும்போது, மான்குர்த் கிளையிலிருந்து செல்வம் நுழைந்துவிட்டார். பில் இல்லாமல் சரக்கு நகராது. ஸ்டெல்லா வாட்ஸ்அப் குழுவில் ஒரு வாளிப் படம் போட்டார். பொதுக்கழிப்பறை வரிசையில் வாளி வைத்து இடம் பிடித்துப் பழகியவர்கள். யாரும் விளக்கம் கேட்கவில்லை. செல்வம் வெளியேறி, தன் வாளியை அடுத்ததாக வைத்தார்.

மறுபடியும் ஸ்டெல்லாவின் திரை மறைந்தது. இம்முறை செம்பூர் வீட்டிலிருந்து முதலாளி. ஸ்டெல்லா போன் போட்டார்.

"அண்ணாச்சி, லைன்ல உங்க வாளியக் காணோமே?"

"ஏ பிள்ள, சர்வர் வாங்குனதே நாந்தான!"

"டெம்போவும் உங்களதுதான் அண்ணாச்சி. நிக்கட்டுமா?"

அடுத்த நிமிடம் குழுவில் மூன்றாவது வாளி வந்தது.

ஆளுக்கொரு ஐடி திங்கட்கிழமை கிடைக்கும் என்கிறார் சர்வர் அமைத்தவர். அண்ணாச்சியின் சம்மதம் மட்டும் பாக்கி. உங்கள் ஆபீஸில் முதலாளி வரிசையில் நிற்பாரா?