போலந்து பிளம்பரும் என் சம்பந்தியும்

ஐரோப்பா ஒன்றுகூடவே கூடாது என்று மூன்று வாரம் தொண்டை வறளக் கத்திவிட்டு, கூடட்டும் என்று ஓட்டுப் போட்டுவிட்டு வந்தவன் நான். யாரும் மிரட்டவில்லை, யாரும் ஏமாற்றவில்லை. திரைக்குப் பின்னால் தனியாக நின்று என் கையாலேயே செய்தேன். என் மகளுக்கு மாமனாராக வரப்போகிறவரை இன்னும் என்ன சொல்லி மட்டம் தட்டியிருக்கலாம் என்று அந்த நேரத்தில் யோசித்துக்கொண்டிருந்தேன். கவனம் முழுக்க அதில் இருந்தது.

புதுச்சேரியில் எங்களைப் போலச் சில குடும்பங்கள் உண்டு. தாத்தாவோ அப்பாவோ பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்திருப்பார். ஊர் எங்களைச் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, என்று சொல்லும். பையில் பிரெஞ்சுப் பாஸ்போர்ட், வாயில் விழுப்புரத்துத் தமிழ். எங்கள் தெருச் சாக்கடையைச் சரிசெய்ய வேண்டிய எம்.எல்.ஏ.வைத் தேர்ந்தெடுக்க எங்களுக்கு ஓட்டு கிடையாது. பிரான்சுக்கு யார் ஜனாதிபதி என்று முடிவு செய்ய உண்டு. நான் பிரான்சைப் பார்த்ததே இல்லை.

2005இல் ஐரோப்பாவுக்கு ஒரு பொதுவான அரசியல் சட்டம் வேண்டுமா என்று பிரான்ஸ் தன் குடிமக்களைக் கேட்டது. வேண்டும் என்றால் உய், வேண்டாம் என்றால் நோன். எங்கள் வீட்டில் மனைவி, மகள், நான் என்று மூன்று ஓட்டு. ஆகவே அந்தச் சட்டத்தின் தடித்த புத்தகம் மூன்று தபாலில் வந்தது. ஒன்றை என் மனைவி ஆடிக்கொண்டிருந்த கிரைண்டருக்கு அடியில் முட்டுக் கொடுத்தாள். ஆட்டம் நின்றது. அந்தச் சட்டத்தால் உலகத்தில் யாராவது பயனடைந்தார்கள் என்றால் அது நாங்கள்தான். மற்ற இரண்டின் உறையைக்கூட நான் பிரிக்கவில்லை. படித்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். படிக்காததால் எனக்கு மிக உறுதியான கருத்து இருந்தது.

என் கருத்து நோன். பிரெஞ்சுச் சேனலில் ஒருவர் கைகளை விரித்து, போலந்திலிருந்து பிளம்பர்கள் வந்து பிரெஞ்சுக்காரனின் பிழைப்பைப் பிடுங்கப் போகிறார்கள் என்று எச்சரித்தார். எனக்கு ரத்தம் கொதித்தது. எங்கள் வீட்டுக் குழாய் ஆறு மாதமாக ஒழுகிக்கொண்டிருந்தது. எந்த நாட்டுப் பிளம்பரும் வரவில்லை என்பது வேறு விஷயம். உலகமே ஒரே சந்தையாகிவிட்டால் தொழிலாளி செத்தான் என்று போகிற இடமெல்லாம் பேசினேன். என் தொழில் என்னவென்றால், பிரான்சுக்குப் போகிறவர்களுக்குப் பிறப்புச் சான்றிதழை மொழிபெயர்த்து விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பது. பக்கத்துத் தவளக்குப்பத்துக்காரர் பிரான்சுக்குப் போனால் அது முன்னேற்றம். போலந்துக்காரர் போனால் படையெடுப்பு. இப்படி ஒரு கொள்கையை வைத்துக்கொண்டு வெட்கமில்லாமல் நடமாடினேன்.

சம்பந்தியாகப் போகிறவர் உய். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சார்ஜென்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். "எல்லைன்னு ஒண்ணே இருக்கக் கூடாது முசியே. மனுசன் எங்க வேணா போவணும், எங்க வேணா பொழைக்கணும்" என்பார். கேட்கவே இனிமையாக இருக்கும். அடுத்த நிமிஷம் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கோரிமேட்டுப் பெரியாஸ்பத்திரியைப் பற்றிப் பேச்சு வரும். "தமிழ்நாட்டு பஸ்ஸுல வந்து வந்து எறங்குறானுங்க. நம்ம ஜனத்துக்கு ஒரு கட்டில் கெடைக்கல. பார்டர்லயே மடக்கித் திருப்பி அனுப்பணும் இவனுங்கள." போர்ச்சுகல் முதல் எஸ்தோனியா வரை கதவைத் திறந்துவிடத் தயாராக இருந்த மனிதருக்கு, திண்டிவனத்து நோயாளி ஒருவர் கோரிமேட்டைத் தாண்டுவது பொறுக்கவில்லை.

நாங்கள் இருவரும் மாலையில் பெத்தாங்க் ஆடப் போவோம். இரும்புக் குண்டைச் சின்ன மரக்குண்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கிற மாதிரி வீசவேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். முன்பெல்லாம் சீட்டுப் போட்டுக் கட்சி பிரிப்போம். அந்த மே மாதம் சீட்டு நின்றுபோனது. உய் ஒரு பக்கம், நோன் ஒரு பக்கம். யார் குண்டு கிட்டே இருக்கிறது என்று அளக்கும் டேப்பை உய்காரர் பிடித்தால் நோன்காரர் நம்பமாட்டார். இரண்டு தரப்பும் தனித்தனி டேப் கொண்டுவந்தது. ஒரே தூரம், இரண்டு அளவு. பேரன் பேத்தி எடுத்தவர்கள் குனிந்து மண்ணில் முழங்கால் போட்டு, ஒரு விரற்கடைக்காகக் கத்தினார்கள். ஐரோப்பா அன்று எங்களைப் பார்த்திருந்தால், ஓட்டுரிமையை மட்டுமல்ல, குண்டுகளையும் பிடுங்கிக்கொண்டு போயிருக்கும்.

இதற்கு நடுவில்தான் என் மகளின் நிச்சயதார்த்தம். சார்ஜென்ட்டின் மகன் பாரிசுக்குப் பக்கத்து விமான நிலையத்தில் சாமான் ஏற்றி இறக்கும் வேலை பார்த்தான். அவனும் என் மகளும் இரண்டு வருடம் போனில் பேசி முடிவு செய்துவிட்டு, எங்களுக்குத் தகவலாகச் சொன்னார்கள். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை, பெற்றோர் வந்து தட்டு மாற்றிக்கொள்வது என்று ஏற்பாடு. முகூர்த்தம் அமைந்தது ஓட்டுப் போடும் அதே ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஐரோப்பா, மாலையில் நிச்சயம்.

முதல் நாள் மகள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, நாளைக்கு சாயந்தரம் ஏழு மணி வரைக்கும் ஐரோப்பாவப் பத்தி வாயத் தொறக்காதீங்க. அப்புறம் விடிய விடிய பேசுங்க."

"நான் எங்கம்மா பேசறேன்? அவருதான் ஆரம்பிக்கிறாரு."

"அவரு ஆரம்பிச்சாலும் பேசாதீங்க. எனக்காக."

சரி என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். என் தலையில்தான். அதில் ஒன்றும் இல்லாததால் சத்தியம் நிற்கவில்லை போலிருக்கிறது.

காலையில் வாக்குச்சாவடி வரிசையில் எனக்கு முன்னால் சார்ஜென்ட்டும் அவர் மனைவியும் நின்றார்கள். நான் கைகட்டி, வாய்பொத்தி நல்ல பிள்ளையாக நின்றேன். பெத்தாங்க் கூட்டாளி ஒருத்தருக்கு அது பிடிக்கவில்லை.

"இன்னா, பொண்ணு உய் வீட்டுக்குப் போவுது, அப்பா இன்னும் நோன்லயே நிக்கிறாரு?"

சார்ஜென்ட் திரும்பிச் சிரித்தார். "பொண்ணு வரட்டும்யா. பின்னாலயே அப்பாவையும் இழுத்துக்கறோம்."

வரிசை முழுக்கச் சிரித்தது. நல்ல ஜோக்தான். என்னுடையது இல்லை என்பதுதான் அதில் குறை. நான் இருக்கிற இடத்தில் இன்னொருவர் சிரிப்பு வாங்குவதை என்னால் தாங்க முடியாது, அது பழைய வியாதி.

"எல்லையத் தொறந்து வுட்டா சம்பந்திக்கு இன்னா நஷ்டம்? எந்த நாட்டுக்காரன் வந்து எறங்கினாலும் மூட்ட தூக்க அவரு வீட்டுல ஆள் இருக்குது" என்றேன்.

யாரும் சிரிக்கவில்லை. சார்ஜென்ட்டின் காது சிவந்தது. அவர் மனைவி என்னையே பார்த்தார்.

"சாயந்தரம் எங்கள எதிர்பாக்காதீங்க" என்றார் சார்ஜென்ட். அதன் பிறகு அவர் முதுகுதான் எனக்குத் தெரிந்தது.

உள்ளே மேஜையிலிருந்து உய் சீட்டு ஒன்று, நோன் சீட்டு ஒன்று, ஒரு உறை எடுத்துக்கொண்டு திரைக்குப் பின்னால் போக வேண்டும். ஒன்றை உறையில் போட்டு மற்றதைப் பைக்குள் வைத்துக்கொள்ளலாம். நான் போனேன், போட்டேன். உறை பெட்டிக்குள் விழுந்ததும் அதிகாரி "ஆ வொத்தே" என்று உரக்க அறிவித்தார். ஓட்டுப் போட்டாயிற்று என்று அர்த்தம். பெரிய வீரனைப் போல வெளியே வந்தேன்.

வீட்டில் சட்டையைக் கழற்றும்போது பையிலிருந்த சீட்டை எடுத்தேன். நோன் என்று இருந்தது. அப்படியானால் உறைக்குள் போனது எது என்று கணக்குப் போட எனக்கே சில நொடிகள் பிடித்தன.

அதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்று திரும்பினால் மகள் நின்றுகொண்டிருந்தாள். சார்ஜென்ட் வீட்டிலிருந்து போன் வந்துவிட்டது என்று முகமே சொன்னது. பின்னால் கூடத்தில் ஏழு தட்டு பழமும் பூவும் வரிசையாகக் காத்திருந்தன.

"மூட்ட தூக்குறவன்னு சொன்னீங்களாமே?"

"ஜோக்குமா அது."

"யாராவது சிரிச்சாங்களா?"

நான் சீட்டை மறுபடி பையில் செருகினேன்.

"போய்க் கூட்டிக்கிட்டு வாங்க. அவங்க வரலன்னா நான் பிளைட் ஏறிப் போய்க் கட்டிக்கறேன். கல்யாணத்துக்கு நீங்க வர வேணாம்."

அவளிடமும் அதே பாஸ்போர்ட் இருந்தது. செய்யக்கூடியவள். ஸ்கூட்டரை எடுத்தேன்.

சார்ஜென்ட் பனியனோடு கதவைத் திறந்தார், உட்காரச் சொல்லவில்லை. மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். ஆனால் மன்னிப்பு எனக்கு வாயில் வராது, வேடிக்கைதான் வரும். நோன் சீட்டை எடுத்து நீட்டி நடந்ததைச் சொன்னேன். அவர் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு இருமல் வரும்வரை சிரித்தார்.

"அப்போ என் கணக்குல ஒண்ணு ஏறிடுச்சு! நீங்களும் உய்யா முசியே!"

தோளில் தட்டிவிட்டுச் சட்டை மாட்டப் போய்விட்டார். மகனைக் கேவலமாகப் பேசியவனை மன்னிக்க அந்த மனிதருக்கு ஒரு ஓட்டு போதுமாக இருந்தது. என்ன அப்பன் இவர் என்று ஏளனமாக நினைத்தேன். அந்த விலையை நீட்டியவன் நான் என்பது ஸ்கூட்டரில் திரும்பும்போதுதான் உறைத்தது. பிரான்சில் நோன் ஜெயித்துவிட்டது என்று மறுநாள் தெரிந்தது. எங்கள் இரண்டு பேரின் உதவியும் அதற்குத் தேவைப்படவில்லை.

அன்று மாலை சொன்ன நேரத்துக்கு வந்தார்கள். தட்டு மாற்றினோம். மகள் சார்ஜென்ட், அவர் மனைவி இரண்டு பேர் காலிலும் விழுந்து எழுந்தாள், என் பக்கம் திரும்பவில்லை. சார்ஜென்ட் வந்தவர்களிடமெல்லாம் என் சீட்டுக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் மனைவி மட்டும் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. சாப்பாடு முடிந்து வெற்றிலைத் தட்டோடு அவரிடம் போய், "பாத்தீங்களாம்மா, கடைசியில எனக்கே நான் எதிர்க்கட்சியா ஆயிட்டேன்" என்றேன்.

அவர் ஒரு வெற்றிலையை எடுத்துக்கொண்டார்.

"உங்க பொண்ணு நல்ல பொண்ணு, அதுக்காவ வந்தேன். நீங்க எதுல குத்தினா எனக்கு இன்னாண்ணே? எம் புள்ள ராத்திரி வேலைக்குப் போறதுக்கு முன்ன போன் பண்ணுவான். ஜோக்கு கீக்கு வேணாம், அவன்கிட்ட நேரா மன்னிப்புக் கேளுங்க."