டேப் தீர்ந்த பிறகும் ஓடிய பாட்டு

போன வாரம் சுகர் பார்க்கப் போனேன். நர்ஸம்மா கையில் ஸ்பிரிட் பஞ்சைத் தேய்த்ததும் ஊசி மறந்து, டவுண் தெற்கு ரதவீதி கேசட் கடை வந்துவிட்டது. அங்கேயும் இதே வாசம்தான். ரெக்கார்டரில் டேப் உரசும் ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்தால்தான் பாட்டு தெளிவாகப் பதியும். ஒரு நாளைக்கு ஒரு தடவை துடைத்தால் போதும். நான் நாலு தடவை துடைப்பேன். பயந்த சுபாவம். அந்நேரம் பார்த்து நர்ஸம்மாவின் போன் அடித்தது, ஒரு பழைய ஆட்டப்பாட்டின் தொடக்க மேளத்தோடு. "கைய ஆட்டாதீங்க அண்ணாச்சி" என்றார். நானா ஆட்டினேன்?

எட்டாவதோடு படிப்பை நிறுத்தினவன் நான். தொண்ணூறுகளின் நடுவில் அந்தக் கடையில் பாட்டுப் பதிவதுதான் வேலை. எந்த ஆட்டப்பாட்டு நிலைக்கும் என்று கேட்டால் பெரிதாகச் சொல்லத் தெரியாது. வந்த புதிதில் எல்லாப் பாட்டும் தெருவையே ஆட்டிவைக்கும். ஆறு மாதத்தில் அதே கேசட்டைக் கொண்டுவந்து, அழித்துவிட்டு வேறு பதியச் சொல்வார்கள். நர்ஸம்மா போனில் அடித்த அந்தப் பாட்டை மட்டும் யாரும் அழிக்கச் சொன்னதில்லை. ஏனென்று ஒரு பள்ளி ஆண்டுவிழாவில்தான் எனக்குப் புரிந்தது.

ஆற்றங்கரைப் பள்ளிக்கூடத்து டான்ஸ் டீச்சர் கேசட்டோடு வந்தார். வரவேற்புப் பாட்டு முதல் எல்லாம் ஒரே பக்கத்தில் வரிசையாக வேண்டும், கடைசியில் இந்தப் பாட்டு. இந்த வருஷம் சரியாக அமையாவிட்டால் இனி டான்ஸே கிடையாது என்று ஹெட்மிஸ்ட்ரஸ் சொல்லிவிட்டாராம். நிறுத்தி மைக்கில் அறிவிக்க வசதியாக, பாட்டுக்குப் பாட்டு கொஞ்சம் வெற்று டேப் விடுவது வழக்கம். அடுத்த பாட்டு தவறி ஓடிவிடக் கூடாதே என்று நான் இரண்டு மடங்கு விட்டேன். ஒவ்வொரு தொடக்கத்தையும் மூன்று முறை கேட்டுச் சரிபார்த்தேன். முடிவைக் கேட்கவில்லை.

விழாவுக்கு சவுண்ட் செட்டும் எங்களுடையதுதான். கடைசியாக ஆறு பிள்ளைகள் ஆடவந்தார்கள். நான் கூடுதலாக விட்ட வெற்று டேப்பால் இடம் போதாமல், கடைசிச் சரணம் தொடங்கும் இடத்தில் டேப் தீர்ந்து, பட்டன் 'டக்'கென்று மேலே எழும்பியது. ரீவைண்டு செய்யப் பாய்ந்தேன். கடைக்கார அண்ணாச்சி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"தொடாத லே. பிள்ளைக ஆடுதாளுவ பாரு."

பலகை மேடையில் பன்னிரண்டு பாதங்கள் அதே தாளத்தைத் தட்டிக்கொண்டு போயின. மணலில் உட்கார்ந்திருந்த கூட்டம் கைதட்டிச் சேர்ந்துகொண்டது. பிறகு வரிகளும் வந்தன. பாதிப் பேர் சொற்களைத் தப்பாகத்தான் பாடினார்கள். தாளம் ஒருத்தருக்கும் தப்பவில்லை. முன்வரிசையில் ஹெட்மிஸ்ட்ரஸின் செருப்பு நுனிகூட ஆடியது. பாட்டு முடிய வேண்டிய இடத்தில் முடிந்தது.

அடுத்த வருஷமும் டீச்சர் கேசட்டோடு வந்தார். "இவன்ட்ட குடுக்காதீங்க டீச்சர்" என்றார் அண்ணாச்சி. "இடைவெளி விடச் சொன்னா வாய்க்கா வெட்டுதான்."

நர்ஸம்மா போனை எடுத்ததும் பாட்டு பாதியில் அறுந்தது. மீதியை என் விரல்கள் நாற்காலிக் கையில் தட்டி முடித்தன. கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் விற்கிறார்கள். அதில் ஒரு பாட்டு முடியுமுன்னே அடுத்தது வந்து ஏறிக்கொள்கிறது. டேப் என்று ஒன்று இருந்தால்தானே தீரும்? தீர்ந்துபோனால் எந்தப் பாட்டை ஜனங்களின் கால்கள் முடித்துக்கொடுக்கும் என்று பார்க்க இனி வழியில்லை.