பிளீச்சிங் பவுடர் போடாதீர்கள்

கிணற்றை மண் போட்டு மூடலாம் என்று எழுதிய காகிதத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போடவில்லை. அதற்காக இன்றுவரை ஒரு துளி வருத்தமும் இல்லை.

1. என் தப்பு

எண்பதுகளின் தொடக்கம். திருவனந்தபுரத்தில் குடிநீர் ஆய்வகத்தில் நான் கெமிஸ்ட். ஆரியசாலையில் தங்கம்மக்கா சாப்பாட்டுக் கடை நடத்தினார். நாகர்கோவில் பக்கம், தனியாள். கடைக்கு ஆதாரமே பின்னால் இருந்த கிணறுதான். பக்கத்து லாரி ஷெட்டில் மண்ணுக்கடியில் இருந்த டீசல் டேங்க் ஓட்டை விழுந்து, எண்ணெய் கிணற்றுக்கு வந்துவிட்டது. டேங்கைத் தோண்டி எடுத்தார்கள், மிதந்த எண்ணெயை வழித்தார்கள். வாடை போகவில்லை.

எங்கள் டிபார்ட்மெண்டில் கிணற்றுக்கு என்ன வந்தாலும் மருந்து ஒன்றுதான். எலி விழுந்தாலும் பிளீச்சிங் பவுடர், ஓடைத் தண்ணீர் புகுந்தாலும் பிளீச்சிங் பவுடர். நானும் யோசிக்காமல் வாரம் ஒரு வாளி கரைத்து ஊற்ற எழுதிக் கொடுத்தேன். மூன்று மாதம் ஊற்றினார்கள். டீசல் அசையவில்லை.

ஷெட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவில் சாம்பிள் எடுக்க ஒரு குழாய் இறக்கியிருந்தோம். அதில் பவுடர் போடவில்லை. அங்கே மட்டும் டீசல் குறைந்துகொண்டே வந்தது. அந்தத் தண்ணீரில் ஆக்சிஜன் பார்த்தேன், கிட்டத்தட்ட இல்லை. ஒரு துளியை லேப் தட்டில் விட்டு வளர்த்தேன், பாக்டீரியா மொய்த்தது. மண்ணில் தானாக இருக்கிற நுண்ணுயிர்கள் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு டீசலைத் தின்றுகொண்டிருந்தன. கிணற்றுப் பக்கம் இருந்தவற்றை வாரம் தவறாமல் கொன்றது நான். வெட்கம் பிடுங்கித் தின்றது.

2. ஒப்பு

எக்ஸிகியூட்டிவ் இன்ஜினீயரிடம் போனேன். பவுடரை நிறுத்துவோம், ஷெட் மண்ணில் குழாய் இறக்கிக் காற்று விடுவோம், நுண்ணுயிர்களுக்கு உரமாக யூரியாவும் சூப்பர் பாஸ்பேட்டும் அளவாகக் கொடுப்போம் என்றேன். கிருமியைக் கொல்லத்தான் உனக்குச் சம்பளம், வளர்க்க இல்லை என்று சிரித்தார். பிறகு கிணற்றை மூடும் அந்தக் காகிதத்தை நீட்டி, ஒரு கையெழுத்துப் போட்டால் போதும் என்று மலையாளம் கலந்து சொன்னார்.

“சந்திரா, ஒரு ஒப்பு இடு, அது மதி. எதுக்கு இந்தப் பிடிவாதம்?”

“பவுடருக்கு ஒப்பு இட்டதும் நான்தான் சார். ஒரு தடவ தப்பாப் போட்டாச்சு. இனி போடமாட்டேன்.”

லாரி ஷெட்காரரிடம் சண்டை போட்டு, டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரஸரை வாங்கி, ஷெட் மண்ணில் இறக்கிய குழாயில் காற்று விட்டேன், உரமும் கொடுத்தேன். தங்கம்மக்காவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“வாளியோட எவன் வந்தாலும் நான் பாத்துக்கிடுதேன் மக்களே. கெணத்த மூடிட்டா நான் எங்க போவேன்?”

பவுடர்க்காரன் வந்தபோதெல்லாம் உட்காரவைத்து வயிறு நிறையச் சோறு போட்டு, வாளியோடு திருப்பி அனுப்பினார். ஏழெட்டு மாதம் தெருக்குழாயில் தண்ணீர் சுமந்தே கடையை நடத்தினார். ஒரு நாள்கூட முனகவில்லை.

கடைசியில் தொடர்ந்து மூன்று சாம்பிளில் டீசல் இல்லை. கிணறு பிழைத்தது. ஃபைல் என்னிடம் வந்தது. ‘பிளீச்சிங் பவுடர் சிகிச்சையால் கிணறு சுத்தமானது’ என்று இன்ஜினீயர் எழுதியிருந்தார்.

புதிதாக லேபுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். எதையும் கொட்டுவதற்கு முன்னால் அங்கே ஏற்கெனவே என்ன வேலை நடக்கிறது என்று பாருங்கள். தப்பு உங்களுடையது என்றால் ஒத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு எவருக்கும் பயப்படாதீர்கள்.

ஃபைலில் இன்ஜினீயர் எழுதிய அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தேன். ‘பவுடரை நிறுத்தியதால்’ என்று எழுதி, கீழே முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டேன்.