சகுனம் பார்த்தவரும் என் கறுப்புப் பூனையும்

அந்த மனுஷனை நான் இன்னும் மன்னிக்கவில்லை, மன்னிக்கிற உத்தேசமும் இல்லை. புதுச்சேரிப் பக்கத்து நோணாங்குப்பத்தில், மாவும் முந்திரியுமாக மரங்கள் அடைத்துக்கொண்டிருக்கும் என் வீட்டுக்கு எதிர்வீட்டுக்காரர். பிரெஞ்சு பென்ஷன், வாசலில் கார், வாயைத் திறந்தால் 'மதாம்'. ஆனால் ஒரு பூனை குறுக்கே போனால் போதும், காரை விட்டு இறங்கி, உள்ளே போய் உட்கார்ந்து, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் மறுபடி கிளம்புவார்.

மார்கழித் தொடக்கத்தில் என் கறுப்புப் பூனை விறகுக் குவியலுக்குள் மூன்று குட்டி போட்டது. கண் திறந்த கொஞ்ச நாளில், ஒரு காலையில், தாயைக் காணோம். மரத்தடியெல்லாம் தேடி அலுத்துப்போய் அவரைக் கேட்டேன்.

"தெனம் குறுக்க குறுக்க வருது மதாம். சாக்குல போட்டு டவுன் மீன் மார்க்கெட்ல உட்டுட்டேன். அங்க நல்லா துன்னும்," என்றார், ஏதோ அதற்கு வேலை வாங்கிக் கொடுத்தவர் மாதிரி.

"குட்டிங்க பாலுக்குக் கத்துதே, நீயெல்லாம் ஒரு மனுஷனாய்யா?"

மார்க்கெட்டுக்கு ஓடினேன். எத்தனை பூனைகள்! என்னுடையது இல்லை. அடுப்படியில் பழைய புடவையைச் சுற்றிக் குட்டிகளைப் படுக்கவைத்து, துணியை நனைத்துப் பால் ஊட்டினேன். பனி விடவில்லை. இரண்டு செத்துப்போயின. பலாமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்தேன். மிஞ்சியது ஒன்று, தாயைப் போலவே கன்னங்கரேல் என்று. இருய்யா, உனக்கு இருக்கு என்று எதிர்வீட்டைப் பார்த்துச் சொல்லிக்கொண்டேன்.

தை பிறந்ததும் அவரே வந்து கேட்டைத் தட்டினார். "நாளைக்குப் பையனுக்குப் பொண்ணு பாக்கப் போறோம் மதாம். காலைல மட்டும் அந்தக் குட்டிய உள்ள வெச்சிக்கிறீங்களா?"

"அதுக்கென்ன, வெச்சிக்கிறேன்," என்றேன்.

மறுநாள் கார் சத்தம் கேட்டதும் கதவை அகலத் திறந்துவிட்டேன். குட்டி பனிக்குப் பயந்து என் காலையே சுற்றியது. "போடி சனியனே, உங்கம்மாவுக்காகத்தான்," என்று தள்ளினேன். ம்ஹும், அசையவில்லை.

சரி என்று அதை அணைத்துக்கொண்டு நானே இறங்கினேன். என் வீட்டுக்காரர் செத்த பிறகு, நான் எதிரே வந்தாலும் அந்த மனுஷன் திரும்பி உள்ளே போவது எனக்குத் தெரியாதா என்ன? வெறும் நெற்றியும் கறுப்புப் பூனையுமாகக் கார் முன்னால் நிதானமாகக் குறுக்கே நடந்தேன். நடுவில் நின்று, "நல்லபடியா போய்ட்டு வாங்க," என்று சிரித்தேன்.

அவர் கார் எஞ்சினை அணைத்தார். அன்றைக்கு அவர்கள் போகவே இல்லை.