நாலு பேருக்கு ஒரு பாஸ்வேர்டு

பாஸ்வேர்டு கொடுக்கிற வேலையில் உட்கார்ந்தவனுக்கு மூன்று மாதத்தில் ரத்தக்கொதிப்பு வரும் என்பார்கள். எனக்கு ரெண்டே மாதத்தில் வந்தது. இன்றைக்கு லினக்ஸோடு மல்லுக்கட்டும் அன்பர்களே, எண்பதுகளின் நடுவில் புதுச்சேரியில் ஒரு ஆராய்ச்சி நிலையத்தில் யூனிக்ஸோடு மல்லுக்கட்டியவன் நான். ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதில் மாட்டிய ஆறு டெர்மினல், முப்பது பேர். யாரை உள்ளே விடலாம், யாரை விடக்கூடாது என்று பார்ப்பது என் பொறுப்பு. பொறுப்பாம், பெரிய பொறுப்பு!

ரெண்டு கட்டையா, மூணு கட்டையா?

கம்ப்யூட்டருக்குள் நுழைந்து கட்டளை தட்டும் இடத்துக்கு ஷெல் என்று பேர். அது வேண்டுமானால் ஆளுக்கொரு விண்ணப்பம் எழுதுங்கள் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். மீன் ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து ஒரே ஒரு தாள் வந்தது. "எங்கள் நால்வருக்கும் பொதுவாக ஒரு ஷெல் தந்தால் போதும்." என்ன ஒரு சிக்கனம்! பொதுவாகக் கொடுத்துத் தொலைத்தால் நாளைக்கு எது யார் செய்த வேலை என்று நான் யாரைப் போய்க் கேட்பது? "நாலு பேருக்கு நாலு ஷெல்" என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பி அனுப்பினேன்.

அந்தத் தாள் எப்படியோ ஸ்டோருக்குப் போய்விட்டது. மறுநாள் ஸ்டோர் கிளார்க் என் மேஜை முன்னால் வந்து நின்றார்.

"நாலு செல்லு கேட்டிருக்கீங்களே சார், ரெண்டு கட்டை டார்ச் லைட்டுக்கா, மூணு கட்டை டார்ச் லைட்டுக்கா?"

பிரெஞ்சு கீபோர்டு

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்துவிட்டு வந்தவரை எங்கள் ஊரில் சொல்தா என்போம். எங்கள் நூலகப் பொறுப்பாளர் ஒரு சொல்தா. ராணுவத்தில் டைப் அடித்துப் பழகிய விரல், கீபோர்டைக் குனிந்தே பார்க்க மாட்டார். அவர் மேஜையில் இருந்த டெர்மினல் பிரான்சிலிருந்து வந்தது. அதில் ஏ இருக்கிற இடத்தில் மற்ற டெர்மினலில் எல்லாம் க்யூ இருக்கும். ஒருநாள் மதியம் அது ரிப்பேராகிவிட, பக்கத்து டெர்மினலில் உட்கார்ந்தார். பாஸ்வேர்டு அடித்தால் திரையில் தெரியாதில்லையா? மனுஷன் ஏ என்று நினைத்துக்கொண்டு க்யூவையே அடித்தார், ஏழு தடவையும் கம்ப்யூட்டர் திறக்கவில்லை.

"முசியே, எழுத்து இடம் மாறியிருக்கு, கீழ பாத்து அடிங்க" என்றேன், பணிவாகத்தான். அவருக்கு வந்ததே கோபம்! எழுந்து நின்று, அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "ஆ, என், என், ஆ! அன்னா! காலைல தொறந்துச்சு, இப்ப ஏன் தொறக்கல?" என்று முழங்கினார். நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். ஊருக்கே தெரிந்துவிட்டது, தயவுசெய்து இன்றைக்கே அதை மாற்றிவிடுங்கள் என்று கெஞ்சினேன்.

"என் பொஞ்சாதி பேர மாத்தச் சொல்றியே, உனக்கு வெக்கமா இல்ல?"

டிபன் டப்பா

கலாவதி தவளக்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். மீன் ஆராய்ச்சிப் பிரிவு. மூன்று வருஷம் விடியற்காலையில் வைத்திக்குப்பம் கடற்கரையில் நின்று, வலையில் வந்தது என்ன மீன், என்ன நீளம் என்று அளந்து எழுதியவள். அத்தனையும் அவள் பேரில் கம்ப்யூட்டரில் ஏறியிருந்தது. மாதக் கடைசிக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால்தான் அவளுக்கு வந்திருந்த கல்லூரி வேலை நிலைக்கும், இல்லாவிட்டால் இல்லை.

அப்படிப்பட்டவள் தன் பாஸ்வேர்டைப் பக்கத்து நாற்காலி துரைக்குக் கொடுத்து வைத்திருந்தாள்! துரை பேருக்கேத்த துரை, விண்ணப்பம் எழுதச் சோம்பல். அவளைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினேன். அவள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தாள்.

"மத்தியானம் ஒரே டப்பாவுல கைய வச்சு சாப்புடறோம், பாஸ்வேர்ட மட்டும் எப்டி சார் தரமாட்டேன்னு சொல்றது?"

இடம் இல்லை

ஒருநாள் டிஸ்க் நிரம்பி மெஷின் திணறியது. "இடம் இல்லை. தேவையில்லாத ஃபைல்களை இன்றே அழிக்கவும்" என்று கதவில் அறிவிப்பு ஒட்டினேன். அதிசயமாக, சாயந்திரத்துக்குள் நிறைய இடம் வந்துவிட்டது. நம் பேச்சையும் நாலு பேர் கேட்கிறார்களே என்று பூரித்துப்போய் வீட்டுக்குப் போனேன்.

காலையில் கலாவதி வந்தாள். "சார், என் மீனெல்லாம் காணோம் சார்" என்றாள். யார் அழித்தது என்று பார்த்தால், கம்ப்யூட்டர் அவள் பேரையே சொன்னது. அவளோ நேற்று லீவு. துரையைக் கூப்பிட்டேன். ஆமாம், நேற்று அவள் பேரில் உள்ளே போனேன் என்று ஒப்புக்கொண்டான். முகத்தில் கொஞ்சமாவது கலக்கம் இருக்க வேண்டுமே!

"நீங்கதான சார் தேவையில்லாதத அழிக்கச் சொன்னீங்க? அதுல எதுவும் எனக்குத் தேவைப்படல."

புது பாஸ்வேர்டு

வாராவாரம் நகல் எடுக்க வேண்டிய டேப்பை நான் கடைசியாக எடுத்து இரண்டு வாரமாகியிருந்தது. ஆம், என் சோம்பலும் இதில் உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். டேப் ஓடி முடிகிறவரை நான் நாற்காலியில் உட்காரவில்லை. அந்த இரண்டு வாரத்தில் அவள் அவசர அவசரமாக ஏற்றியது போக, முக்கால்வாசி மீன் திரும்பி வந்தது. மிச்சத்தை அவள் நோட்டைப் பார்த்துத் துரை வாசிக்க, அவள் அடித்தாள். ஆறு நாள் இருவரும் வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசி நாள், கடைசி மணியில் ஆய்வேடு போய்ச் சேர்ந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் கலாவதி தயங்கித் தயங்கி என் மேஜைக்கு வந்தாள்.

"பாஸ்வேர்ட மாத்திட்டேன் சார், தொரைக்கிட்ட கூட சொல்லல, நான் மறந்துட்டா கேட்டுக்கலாம்னு உங்ககிட்ட மட்டும் சொல்லி வச்சுடறேன்."

யாரிடமும் சொல்லாதீர்கள், சொல்லாதீர்கள் என்று தொண்டை கிழியக் கத்திய நான், மறுபேச்சில்லாமல் டைரியை எடுத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டு எழுதிக்கொண்டேன்.