வரதராஜன் வீட்டு டெலிபோன்

நாகேந்திரன் பொதட்டூர்பேட்டைத் தறியைவிட்டு எழுந்துபோய்த் திருத்தணி டெலிபோன் ஆபீசில் லைன்மேன் ஆனவன். அறுந்த இழையை விரல்நுனியில் முறுக்கிச் சேர்க்கிற கை அது. நூலானால் என்ன, செம்புக் கம்பியானால் என்ன?

ஒரு ஐப்பசி மழையில் மலையடிவாரத்துக் கம்பிப் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து, பிரசவ டாக்டர் வீடு, வரதராஜன் வீடு என்று இரண்டு வீட்டு இணைப்புகள் கெட்டுப்போயின. பெட்டிக்கு முன்னால் ஒரு வரிசை, பின்னால் ஒரு வரிசை. முன்னால் குந்தி இடக்கைப் பக்கமிருந்து எண்ணிக் கட்டினான். பின்னால் போனவன் அங்கேயும் தன் இடக்கைப் பக்கமிருந்தே எண்ணினான். தறியில் உட்கார்ந்தவன் பாவு நூலை எதிர்ப்பக்கம் போயா எண்ணுவான்? அந்தப் பழக்கம். ஒரு முறுக்கும் சரியான கம்பியில் விழவில்லை.

அதனால் பிரசவ டாக்டருக்கு வரவேண்டிய அழைப்பெல்லாம் செத்துப்போன வரதராஜன் வீட்டில் அடித்தது. எடுத்தால், ஈரமேறிய கம்பியில் பேச்சு வராது; காற்று போல ஓர் இரைச்சல் மட்டும் வரும். வரதராஜன் பெண்டாட்டி தாயாரம்மாள் அந்த இரைச்சலைப் புருஷனின் மூச்சு என்றே நம்பினாள். காரியம் முடிந்ததிலிருந்து கஞ்சியும் தொடாதவள், தலைவாரிக்கொண்டு டெலிபோன் பக்கத்திலேயே சாப்பிட ஆரம்பித்தாள்.

பிறகு ஒரு நாள், வலியெடுத்த ஒருத்தி டாக்டருக்குப் போன் போட்டும் கிடைக்காமல் மாட்டு வண்டியிலேயே பிள்ளை பெற்றாள். தாயும் பிள்ளையும் பிழைத்தது முருகன் புண்ணியம். பெட்டியைத் திறந்து பார்த்த மேஸ்திரி ஜம்புலிங்கம் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னாடா இது? தறியிலயே குந்திகினு கீற நெனப்பா உனக்கு? பின்னால போனா எடது வலதாயிடும்டா!"

நாகேந்திரன் முதலில் தாயாரம்மாளிடம்தான் போனான். அவள் வாசற்படியை மறித்து நின்றாள்.

"ஒயர நோண்டாத, நைனா. அவுரு கூப்புட்டுகினு கீறாரு."

"அது டாக்டரம்மா லைனுங்க."

"டாக்டரம்மாவுக்கு வேற ஒண்ணு போட்டுக் குடு. ஒன் கை தேஞ்சா போயிடும்?"

அவன் போய்க் கம்பியை மாற்றிக் கட்டினான். மாற்றாமல் எப்படி? அன்றே அவள் வீட்டு மணி ஓய்ந்தது. அவள் சோறும் ஓய்ந்தது. கன்னம் ஒட்டி, டெலிபோனையே பார்த்தபடி கிடக்கிறாள் என்று அக்கம்பக்கத்தார் ஆபீசுக்கு வந்து சொன்னார்கள்.

மறுநாள் மத்தியானம், ஆபீசில் எல்லோரும் சாப்பிடப் போனபோது, நாகேந்திரன் சோதனைப் போனை எடுத்து அவள் வீட்டுக்கு அடித்தான். வாயைத் திறக்கவில்லை. மூச்சு மட்டும் விட்டான்.

"வந்துட்டீங்களா? இருங்க, சோத்தப் போட்டுகினு வரேன்."

அவள் தட்டு வைக்கிற ஓசை கேட்டது. அதன்பிறகு அவனால் ஒரு மத்தியானமும் விட முடியவில்லை. அவள் குழம்பைச் சொல்வாள், பக்கத்து வீட்டுச் சண்டையைச் சொல்வாள். அவன் கேட்பான். உடம்பு தேறினாள். பேய் பிடித்த வீடு என்று ஊர் சொல்லிற்று, சொல்லட்டும். பேய்க்குத்தான் ராத்திரியில் தூக்கமில்லை.

தை பிறந்ததும் ஒரு மத்தியானம் அவள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, ரொம்பச் சாதாரணமாகக் கேட்டாள்.

"ஏங்க, என்ன எப்ப இட்டுகினு போவீங்க?"

நாகேந்திரன் மூச்சை அடக்கினான். அங்கே அவள் பதிலுக்குக் காத்திருந்தாள்.