ஆர்டிஸ் கேட்காமல் விட்ட கேள்வி

ஆர்டிஸ் லோக்கன் முப்பது வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். மொண்டானாவில் எங்கள் கூலி க்ரீக் ஊரில் அவள் குரலுக்குப் பயந்து சீட்டில் ஒழுங்காக உட்காராதவர்கள் யாருமில்லை. அந்தக் குரலை அவள் இருபத்தாறு குளிர்காலமாக இன்னொரு வேலைக்கும் பயன்படுத்தினாள். ஜனவரி பிறந்தால் செவ்வாய்தோறும் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் விவசாய வகுப்பு.

கோடையில் எங்களுக்குத் தலை சொறியக்கூட நேரம் கிடையாது. மண் இரும்பாக இறுகிய பிறகுதான் காது திறக்கும். மாட்டுப் பண்ணைக்காரர், ரசாயனம் தொடாமல் காய்கறி போடுகிறவர், கொல்லையில் இரண்டு தக்காளிச் செடி வைத்திருப்பவர் எல்லோரும் ஒரே பெஞ்சில் உட்காருவார்கள். நகலெடுத்த பாடங்கள், விதைப் பட்டியல்கள், மண் பரிசோதனை அறிக்கைகள் எல்லாம் அவள் சேர்த்துவைத்தவை. பாதிப் பேர் முடிவில் கிடைக்கும் காப்பிக்கும் அடுப்பில் சுட்ட உருளைக்கிழங்கு கேசரோலுக்கும் வருகிறவர்கள். அது அவளுக்கும் தெரியும்.

போன குளிர்காலத்தில்தான் அவள் சறுக்கினாள். நன்றாக மக்கிய எருவைத் தாராளமாகப் போடுங்கள், ஓரின் பிக்கெட்டின் தொழுவத்தில் குவியல் கிடக்கிறது, சும்மாவே அள்ளிக்கொள்ளுங்கள் என்றாள். பதினோரு வீட்டார் வண்டி வண்டியாக அள்ளினார்கள். ஜூன் மாதம் அத்தனை வீட்டுத் தக்காளி இலையும் சுருண்டது, பீன்ஸ் நூலாக இளைத்தது.

காரணம் பிறகுதான் தெரிந்தது. வறட்சியில் ஓரின் வெளியூரிலிருந்து புல்கட்டு வாங்கியிருந்தார். அந்தப் புல்வெளியில் முட்செடியை ஒழிக்க மருந்து அடித்திருந்தார்கள். அது மாட்டின் வயிற்றுக்குள் போய் வெளியே வந்தும் சாகாத மருந்து. புல்லை ஒன்றும் செய்யாது, தக்காளியையும் பீன்ஸையும் விடாது. எங்கள் ஊரில் புல் வாங்கினால் பூஞ்சை இருக்கிறதா என்று முகர்ந்து பார்ப்போம். என்ன மருந்து அடித்தீர்கள் என்று யாரும் கேட்டதில்லை. ஓரினும் கேட்கவில்லை, ஊருக்கே பாடம் சொன்ன ஆர்டிஸும் கேட்கவில்லை.

அதிகம் அடி வாங்கியவள் ஜோலீன் ரூட். காய்கறிதான் அவள் பிழைப்பு. மருந்து பட்ட நிலம் என்பதால் மூன்று வருடத்துக்கு அவளுக்கு இயற்கை விளைச்சல் முத்திரை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள்.

இந்த வருடம் வகுப்பு வேண்டாம், ஊர் ஆறட்டும் என்று போதகர் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார்.

"தப்புப் பண்ணினது நான்," என்றாள் ஆர்டிஸ். "நான் வாயை மூடிக்கிட்டா வேற யாராவது இதையே பண்ணுவாங்க. ஹாலைத் திறந்து விடுங்க, போதும்."

போன வருடம் தவறாகச் சொல்லிக்கொடுத்தேன், இந்த வருடம் அந்தத் தவறுதான் பாடம், ஆளுக்கொரு வாளி எரு கொண்டு வாருங்கள் என்று எழுதித் தபால் நிலையத்திலும் நூலகத்திலும் ஒட்டினாள். ஜோலீன் வீட்டுக்கு அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு நேரிலேயே போனாள். ஜோலீன் காகிதத்தை வாங்கிக்கொண்டாள், உள்ளே வா என்று சொல்லவில்லை. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தைந்து டிகிரியில் ஒருவரை வாசலிலேயே நிறுத்துவது எங்கள் பக்கம் கன்னத்தில் அறைவதற்குச் சமம். ஆர்டிஸ் நன்றி சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

அடுத்து ஓரினிடம் போனாள். அவர் மாடுகளுக்குப் புல் உதறிக்கொண்டிருந்தார்.

"என் சாணியை வச்சு என்னை ஊர் முன்னால நிக்க வைக்கப் போறியா?" என்றார்.

"நீ மட்டும் இல்ல ஓரின். நானும்தான் நிக்கப் போறேன்."

அவர் அடுத்த கட்டைப் பிரிக்கப் போனார்.

முதல் செவ்வாய்க்கு வந்தது நாலே பேர். ஆனால் படிக்கட்டில் ஒரு வாளி இருந்தது. எரு கல்லாக உறைந்திருந்தது, மூடியில் ஓரினின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. ஆர்டிஸ் ஒவ்வொருவர் எருவையும் சுத்தமான மண்ணில் கலந்து தொட்டிகளில் நிரப்பினாள். பக்கத்திலேயே வெறும் மண் தொட்டிகள். எல்லாவற்றிலும் பீன்ஸ் விதை போட்டு விளக்கடியில் வைத்தாள். பனி கொட்டினாலும் தினமும் வந்து தண்ணீர் ஊற்றினாள்.

நாலாவது செவ்வாய் பத்தொன்பது பேர் வந்தார்கள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள்தான் அதிகம், அதனால் என்ன. ஜோலீனும் வந்து கடைசி பெஞ்சில் கனத்த கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தாள். கோட்டைக் கழற்றாதவர் எந்த நிமிடமும் எழுந்து போய்விடுவார் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

மற்ற தொட்டிகளில் செடி நிமிர்ந்து நின்றது. ஒன்றில் மட்டும் இலைகள் முஷ்டியாக மடங்கியிருந்தன. ஆர்டிஸ் அதைத் தொடுவதற்குள் ஓரின் எழுந்து வந்து தானே தூக்கிக் காட்டினார்.

"இது என்னோடது. என்ன மருந்து அடிச்சாங்கன்னு நான் கேக்கல. இனிமே கேக்காம ஒரு கட்டு வாங்க மாட்டேன்."

"நானும் கேக்கல," என்றாள் ஆர்டிஸ். "கேக்க வேண்டியது என் வேலை. மன்னிச்சிருங்க."

ஜோலீன் எழுந்தாள். "என் நிலத்துல இது எவ்வளவு நாள் இருக்கும்?"

"தெரியலம்மா. விதை போட்டுத்தான் பாக்கணும். நீ விட்டா வருஷா வருஷம் நானே வந்து மண் எடுத்துப் பாக்கறேன். அது சுத்தமாகற வரைக்கும் விட மாட்டேன்."

ஜோலீன் முன்னால் வந்து கோட்டின் பொத்தான்களை அவிழ்த்தாள். உள்ளே வயிற்றோடு அணைத்து ஒரு காப்பி டப்பா வைத்திருந்தாள்.

"என் நிலத்து மண்ணு. கடப்பாரை போட்டு எடுத்தேன்," என்றாள். "திரும்ப உறைஞ்சிடக் கூடாதுன்னு உள்ளேயே வச்சிருந்தேன். விதை போடுங்க."

ஆர்டிஸ் அழுதாள். அழுதுகொண்டே மூன்று விதைகளை எடுத்தாள்.